அருவிக்கு மேலே என்ன இருக்கிறது?



ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் டிஸ்சார்ஜ், ஹெட், வெலாசிட்டி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறோம். லேபில் வி-நாட்ச் வைத்து ரீடிங் எடுக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். ஆனால் டூர் போய் ஓர் அருவியின் முன்னால் நிற்கும்போது இதில் ஒரு வரியாவது ஞாபகத்துக்கு வருகிறதா? சட்டையைக் கழற்றிப் பாறை மேல் போட்டுவிட்டு ஓடுகிறோம், குளிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பஸ் ஏறிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான். அருவிக்கு முன்னால் நிற்கும்போது, இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழக வேண்டும். அந்த ஒரு கேள்வியில் நம் பாடமும் இருக்கிறது, நம் உயிரும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

கல்லில் ஓர் அருவி

அணுபுரத்தைச் சுற்றி ஏரி உண்டு, பாலாறு உண்டு, பக்கிங்ஹாம் கால்வாய் உண்டு, கடலும் உண்டு. அருவி மட்டும் கிடையாது என்று நினைக்கிறோம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஓர் அருவி இருக்கிறது. ஆனால் கல்லில் இருக்கிறது! மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைத்தான் சொல்கிறேன்.

7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கியது. ஏறத்தாழ 90 அடி அகலப் பாறை. நடுவில் மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் நாகராஜனும் நாகராணியும் மேல்நோக்கி நீந்தி வருவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். இருபுறமும் தேவர்கள், முனிவர்கள், யானைக்கூட்டம், தவம் செய்யும் பூனை. அர்ச்சுனன் தபசு என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். பகீரதன் தவம் செய்து கங்கையை இறக்கிய காட்சி என்று இன்னொரு சாரார் சொல்லுவார்கள். பாறையின் உச்சியில் ஒரு நீர்த்தொட்டி இருந்ததற்கு அடையாளம் உண்டு. விசேஷ நாட்களில் அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீரை வெடிப்பு வழியாக விழச் செய்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

இப்போது இதை ஒரு டிப்ளமோ மாணவனின் கண்ணால் பாருங்கள். அந்தச் சிற்பிகளுக்குப் பாறையின் உயரம் இலவசமாகக் கிடைத்தது. தண்ணீர் இறங்கும் வழியும் இலவசமாகக் கிடைத்தது. கிடைக்காதது எது? மேலே இருக்க வேண்டிய தண்ணீர்! அதற்குத்தான் தொட்டி கட்ட வேண்டி வந்தது. ஆக ஓர் அருவிக்கு மூன்று தேவை: உயரம், வழி, இருப்பு. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் அது வெறும் பாறைதான். தொட்டி காலியானால் கங்கையும் நின்றுபோகும்.

சரி, காட்டில் இருக்கிற நிஜ அருவிக்குத் தொட்டி யார் கட்டினார்கள்? அதைப் பார்க்க ஒரு சின்ன அருவியை எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல் மாதிரிப் பெரிய இடங்களில் கணக்கும் பெரிசு. பாடம் படிக்கச் சின்னதே வசதி.

கிளியூர் அருவி

சேலம் மாவட்டம், சேர்வராயன் மலையில் ஏற்காடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். ஊர் நடுவில் ஓர் ஏரி. படகு விடும் ஏரி என்றுதான் நமக்குத் தெரியும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது ஓர் ஓடையாகி, காப்பித் தோட்டங்களையும் காட்டையும் ஒட்டி ஓடி, ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் மலையின் விளிம்புக்கு வருகிறது. அங்கே சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர், கிளியூர்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது. அதுதான் கிளியூர் அருவி.

மழைக்காலத்தில் போனால் சத்தம் தூரத்திலேயே கேட்கும். கோடையில் போனால் பாறையில் ஈரக்கோடு மட்டும் இருக்கும். "என்னங்க, இதுக்கா இவ்வளவு படி இறங்கி வந்தோம்?" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உயரம் அதே 300 அடிதான், பாறையும் அதேதான். மாறியது ஓடை. அருவியின் கதை முழுக்க அதன் ஓடையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நம் தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருப்பதைக் கவனியுங்கள். மலையில் பாறையிடுக்கில் ஊறி நிற்பது சுனை. மண்ணிலிருந்து கசிந்து வருவது ஊற்று. ஊற்றுகள் சேர்ந்து ஓடினால் ஓடை. ஓடை விளிம்பில் விழுந்தால் அருவி. மழை பெய்தால் மட்டும் திடீரென்று பெருகி, மழை விட்டதும் அடங்குவது காட்டாறு. ஊற்றில் பிறந்த ஓடைக்கும் காட்டாற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் இனி வரப்போகும் கணக்கு.

பாறை ஏன் அங்கே நிற்கிறது?

சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. இந்தப் பாறை நமக்கு அந்நியம் அல்ல. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை இதே இனம்தான். புவியியல் அறிஞர் டி. எச். ஹாலண்ட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். மிகக் கடினமான பாறை. தண்ணீர் மட்டும் இதைச் சுலபத்தில் அறுக்காது. தண்ணீர் கொண்டுவரும் மணலும் சரளையும்தான் அரம் மாதிரி வேலை செய்கிறது.

அமெரிக்கா–கனடா எல்லையில் உள்ள நயாகராவில் மேலே கடினப் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழ்ப்பாறை கரைந்து, மேல்பாறை உடைந்து விழ விழ, அந்த அருவி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சார்னோகைட்டில் அப்படி மென்மையான அடுக்கு கிடையாது. அதனால் தேய்மானம் மெதுவாக நடக்கிறது. பாறையில் ஏற்கனவே உள்ள வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் ஓடை வழி தேடுகிறது. மாமல்லபுரத்து வெடிப்பு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்!

காடு என்ற தொட்டி

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பைக் கேட்ச்மெண்ட் என்று படித்திருக்கிறோம். நீர்ப்பிடிப்புப் பகுதி. ஒரு பேச்சுக்கு அது 1 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. மொத்தத் தண்ணீர் எவ்வளவு? 10 லட்சம் சதுர மீட்டரை 0.01-ஆல் பெருக்கினால் 10,000 கன மீட்டர். அதாவது 1 கோடி லிட்டர்!

முதல் நிலை: மலை மொட்டைப் பாறை. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. எல்லாம் 3 மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. 3 மணி என்பது 10,800 வினாடி. வகுத்துப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 926 லிட்டர். பயங்கர வெள்ளம்! நாலாவது மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் நிலை: மலையில் காடு. இலைச்சருகு, மக்கிய மண், வேர் போன துவாரங்கள், மண்புழுவும் கரையானும் போட்ட ஓட்டைகள். அதே 1 கோடி லிட்டரும் மண்ணுக்குள் இறங்கி, 100 நாளில் கசிந்து வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 நாள் என்பது 86,40,000 வினாடி. வினாடிக்குச் சுமார் 1.16 லிட்டர். பார்க்க அற்பம்தான். ஆனால் ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர்! ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் 1800 பேருக்கு 100 நாள் குடிநீர்.

ஒரே மழை, ஒரே மலை, ஒரே தண்ணீர். ஒன்று 3 மணி நேர வெள்ளம், மற்றொன்று 100 நாள் ஓடை. நிஜ மலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பதை மேலே உள்ள மண்தான் முடிவு செய்கிறது. பல்லவர் தொட்டி கட்டினார்கள், காட்டில் மண்ணே தொட்டி.

சேர்வராயன் மலை உச்சிகளில் சார்னோகைட் பாறை காலங்காலமாக மக்கி பாக்சைட் படிவமாக மாறியிருக்கிறது. மேட்டூரில் அலுமினியம் உருக்கிய காலத்தில் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் போனது. மக்கிய பாறையும் அதன் மேல் உள்ள மண்ணும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கீழே உள்ள பச்சைப் பாறை பிடித்து வைக்காது. ஆகவே ஒரு மலையின் மேல்மண்ணை எடுப்பது என்றால் தொட்டியின் கொள்ளளவைக் குறைப்பது என்று அர்த்தம்.

எந்த மரம் வைத்தாலும் காடு ஆகுமா?

"அப்போ மரம் நட்டா தண்ணி வந்துடும்" என்று சட்டென்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மரமும் தண்ணீர் குடிக்கும்! நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1968-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒன்றை இயற்கையான புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றில் பெரும்பகுதிக்குத் தைல மரம் வைத்தார்கள். மரம் வளர்ந்த முதல் பத்தாண்டுச் சுற்றில் அந்த ஓடையின் வருட நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? சோலைக்காடு இருந்த இடத்தில் சோலைக்காடு, புல்வெளி இருந்த இடத்தில் புல்வெளி. அந்தந்த மலைக்கு அந்தந்த உடை. வேகமாக வளரும் ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதைக் காடு என்று சொன்னால் ஓடை ஒத்துக்கொள்ளாது.

ஓடையை அளப்பது எப்படி?

பேசுவதைவிட அளப்பது நல்லது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூன்று வழி சொல்கிறேன்.

1. வாளி முறை: சின்ன ஓடைக்கு. தண்ணீர் முழுவதும் ஓரிடத்தில் ஒன்றாக விழும்படி ஒரு குழாயோ தகரமோ வைக்க வேண்டும். 15 லிட்டர் வாளி 5 வினாடியில் நிரம்பினால் டிஸ்சார்ஜ் வினாடிக்கு 3 லிட்டர். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள்.

2. மிதவை முறை: கொஞ்சம் பெரிய ஓடைக்கு. வளைவு இல்லாத நேரான இடமாகப் பார்த்து 10 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் முளைக்குச்சி அடியுங்கள். பாதி நீரில் முழுகி மிதக்கும் பொருளை, ஒரு ஆரஞ்சுப் பழம் போதும், விட்டு நேரம் பாருங்கள். 20 வினாடி ஆனால் மேல்பரப்பு வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். அடியில் கல்லும் மண்ணும் உராய்வதால் சராசரி வேகம் இதைவிடக் குறைவு. அதனால் 0.8-ஆல் பெருக்க வேண்டும். 0.4 மீட்டர் வருகிறது. ஓடையின் அகலம் 1.2 மீட்டர், சராசரி ஆழம் 0.15 மீட்டர் என்றால் பரப்பு 0.18 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.072 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 72 லிட்டர்.

3. வி-நாட்ச் முறை: நம் லேபில் செய்வதேதான். 90 டிகிரி வெட்டிய பலகையை ஓடையில் குறுக்கே வைத்து, ஓரத்தில் கசியாமல் களிமண் பூச வேண்டும். பலகைக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, வெட்டின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை மீட்டரில் எடுங்கள். அதன் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் கன மீட்டரில் டிஸ்சார்ஜ். 10 சென்டிமீட்டர் நின்றால் வினாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 20 சென்டிமீட்டர் நின்றால் சுமார் 24.7 லிட்டர். உயரம் இரண்டு மடங்கு ஆனதற்குத் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

எத்தனை கிலோவாட்?

எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே! காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். நீலகிரியில் பைக்காரா 1932-இல் மின்சாரம் தந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்தான்.

கிலோவாட் = 9.81 × டிஸ்சார்ஜ் (கன மீட்டர்) × ஹெட் (மீட்டர்) × எஃபிஷியன்சி

90 மீட்டர் அருவி ஒன்றில் மழைக்காலத்தில் வினாடிக்கு 50 லிட்டர் வருகிறது, எஃபிஷியன்சி 65 சதவீதம் என்று வைத்தால் சுமார் 29 கிலோவாட். பரவாயில்லையே என்று தோன்றும். கோடையில் அதுவே 2 லிட்டராகக் குறைந்தால் 1.1 கிலோவாட். ஒரு ஹாஸ்டல் கிரைண்டருக்கே மூச்சு வாங்கும்! ஹெட்டை மலை கொடுத்துவிட்டது, அது மாறாது. மாறுவது டிஸ்சார்ஜ். ஆகவே புனல் மின் திட்டம் போடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது கோடைக் காலத்து ஓடையை. அதைத் தருவது மேலே உள்ள மண்ணும் காடும்.

உயிர் சம்பந்தப்பட்ட பாடம்

2024 மே 17. தென்காசி மாவட்டம் பழைய குற்றாலம். கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே நீர்ப்பிடிப்பில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். நம்மில் முதலாமாண்டு மாணவர்களின் வயது அது.

அருவியில் நிற்பவனுக்கு வெயில் அடிக்கலாம். மழை பெய்வது மேலே. பாறைச் சரிவில் இறங்கும் தண்ணீர் நிமிடக் கணக்கில் வந்து சேரும். நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலே அளவு பல மடங்கு ஆகும் என்று வி-நாட்சில் பார்த்தோம். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நம் காலைத் தள்ளும் விசை நாலு மடங்கு. முழங்கால் ஆழம்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது.

டூர் போகும் நண்பர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். மலை உச்சியில் கருமேகமோ இடியோ இருந்தால் இறங்காதீர்கள். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் மாறினால், மட்டம் ஏறினால் அந்த நொடியே கரையேறுங்கள். துண்டு, செருப்பு, போன் எதற்கும் திரும்பிப் போகாதீர்கள். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். அருவி விழும் குட்டையில் தலைகீழாகக் குதிக்கவே வேண்டாம். அடியில் என்ன பாறை கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. காவலர் "ஏறுங்க" என்றால் விவாதம் பண்ணாமல் ஏறிவிடுவோம். நண்பர்கள் முன்னால் வீரம் காட்ட அருவி இடம் அல்ல.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

"இதெல்லாம் மலையூர்க்காரன் கவலை" என்று நினைக்க வேண்டாம். சேர்வராயன் மலைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு, காவிரியில் கலப்பதற்குள் சாக்கடையும் சாயமும் ஏந்திப் போகிறது. ஏற்காட்டு ஏரிக்கரையில் நாம் வீசும் பிளாஸ்டிக் கவர் அடுத்த மழையில் கிளியூரில் விழும். ஒருவனுக்குக் கீழ் என்பது இன்னொருவனுக்கு மேல்.

நம் பாலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மேலே வறண்டு கிடந்தாலும் மணலைத் தோண்டினால் ஊற்று வரும் ஆறு அது. மலைக்காட்டில் மண் செய்யும் வேலையைப் பாலாற்றில் மணல் செய்கிறது. மணலை அள்ளிவிட்டால் தொட்டி போச்சு. ஏரிகள் நிறைந்த நம் செங்கல்பட்டுச் சீமையில் நம் முன்னோர் ஏரி ஏரியாக வெட்டி வைத்ததும் அதே காரணத்துக்காகத்தான். மலை இல்லாத ஊரில் மழையைப் பிடித்து வைக்க வேறு வழி ஏது?

வடகிழக்குப் பருவமழை வரும்போது நாம் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். திருக்கழுக்குன்றம் வேதகிரி மலைச்சரிவில் மழை நின்றதும் இறங்கும் ஒரு சிற்றோடையையும், மரமும் புதரும் அடர்ந்த ஒரு மேட்டிலிருந்து வரும் ஓடையையும் தேர்ந்தெடுப்போம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாளியும் வாட்சுமாக அளந்து கிராஃப் போடுவோம். பாறைச்சரிவின் கோடு எவ்வளவு சீக்கிரம் விழுகிறது, மரம் அடர்ந்த மேட்டின் கோடு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நாமே பார்ப்போம். இரண்டாமாண்டு சிவில் மாணவர்களுக்கு நல்ல புராஜெக்ட். செலவு ஒரு வாளி, ஒரு டேப், ஒரு குடை!

பாசான பிறகு நம்மில் பலர் பொதுப்பணித்துறையிலும், மின்வாரியத்திலும், ஒப்பந்தக்காரரிடமும் வேலைக்குப் போகப் போகிறோம். ஓடைக்குக் குறுக்கே கல்வெர்ட் போடுவதும், மலையில் ரோடு வெட்டுவதும், குழாய் பதிப்பதும் நம் கையில்தான் வரப்போகிறது. பிளானை மேஜையில் விரிக்கும் அன்றைக்கு, பேனாவை எடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவோம்: இதற்கு மேலே என்ன இருக்கிறது?